உப்பும் தேங்காயும் விளையாத உயரம்

நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு மேலே எழும் மலைத்தொடரில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் மேல் கோதையாறும் முத்துக்குழிவயலும் உள்ளன. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும் என்பதால், நாகர்கோவில் புழுங்கும் நாளிலும் அங்கே குளிரும். உணவையும் எரிபொருளையும் தாமே ஆக்கிக்கொள்ளும் தற்சார்பு வாழ்வுக்கு இத்தகைய மலை ஏற்றதா என்று கணிக்க வருபவர், பெரும்பாலும் ஓடையையும் பசுமையையும் கண்டே முடிவுசெய்துவிடுகிறார்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் எட்டுவதால் நீருக்குக் குறையில்லை. ஆயினும் அம்மழையே சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டுபோய் மண்ணை அமிலத்தன்மை உடையதாக்கிவிடுகிறது. மூடுபனி கவிந்த நாட்களில் அறுத்த கதிர் காயாமல் பூசணம் பிடிக்கும், பரணியில் இட்ட உப்பு நீர்விடும், அடுப்பில் வைத்த விறகு புகையுமே தவிர எரியாது. ஆகவே இடத்தைப் பார்க்கவேண்டிய காலம் கோடையன்று, அடைமழைக் காலமே.

2,200 மீட்டரைத் தாண்டிய உதகையில் உறைபனியும் சேர்ந்துகொள்கிறது. குளிர்ந்த காற்று கனமானது; இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால், மேட்டிலுள்ள செடி தப்பிக்க, பள்ளத்திலுள்ள உருளைக்கிழங்குச் செடியின் இலை விடியலில் வெண்படிகம் பூத்து, வெயில் ஏறியதும் கருகித் தொங்குகிறது. ஒரே நிலத்தில் சில அடி உயர வேறுபாடே விளைச்சலைத் தீர்மானித்துவிடும்.

இவற்றினும் முதன்மையானது, மலையில் விளையாதவற்றின் கணக்கு. தென்னை சுமார் 600 மீட்டருக்கு மேல் நன்றாகக் காய்ப்பதில்லை. மரச்சீனிக் கிழங்கு முற்றவும் குளிரில் நாள் கூடும். தேங்காய் அரைக்காமல் நாஞ்சில் நாட்டு அடுப்படியில் எத்தனை குழம்பு வைக்க முடியும்? உப்போ இம்மலைகளில் விளைவதில்லை. தற்சார்புக்குச் சான்றாகக் காட்டப்படும் பழைய நீலகிரியிலும் எந்தக் குடியும் தனித்து வாழவில்லை: படுகர் சாமையும் கேழ்வரகும் விளைத்தனர், தோடர் எருமைப் பாலும் நெய்யும் தந்தனர், கோத்தர் இரும்புக் கருவியும் மண்கலமும் செய்தனர், குறும்பர் தேன் முதலிய காட்டுப்பொருள் கொணர்ந்தனர். ஒரு வீடு தனித்துத் தற்சார்பு அடைவது என்பதைவிட, பண்டம் மாற்றிக்கொள்ள அயலார் இருக்கும் ஒரு மலைப்பரப்பு தற்சார்பு அடைவது என்பதே பொருந்தும். அயலார் அற்ற இடம் எவ்வளவு வளமாயினும் குறையுடையதே.

நிலத்தின் உரிமையும் காணத்தக்கது. மேல் கோதையாறு காப்புக்காட்டுப் பகுதி. 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானை இப்பகுதியில்தான் விடப்பட்டது. அங்கே புதிதாகக் குடியேற எவருக்கும் வழியில்லை, இருக்கவும் கூடாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழிவழியாகக் காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கிறது. பேச்சிப்பாறையை அடுத்த தாழ்ந்த மலைகளில் மிளகும் வாழையும் மரச்சீனியும் பயிரிட்டு வாழும் காணிக்காரர் என்ற பழங்குடியினரும், அரிசிக்கும் உப்புக்கும் மலையிறங்கியே வருகின்றனர்.