தண்டுவடக் காயமும் ஸ்டெம் செல் ஊசியும்

தண்டுவடத்தில் அடிபட்டுக் கால்கள் இயங்காமல் போனவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய சில வாரங்களில், யாராவது ஒருவர் மூலம் ஒரு செய்தி வந்துசேரும்: “ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடலாமாம்.” அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கூரை ஷீட் உடைந்து விழுந்தவர், சி.டி.எச். சாலையில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவர், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர் என்று திருமுல்லைவாயில், ஆவடிப் பக்கத்து வீடுகளிலும் இந்தப் பேச்சு எழக்கூடியதுதான். நகையை அடகு வைக்க முடிவெடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் ஊசி இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள், எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற, ரத்தம் சார்ந்த நோய்களுக்கான சிகிச்சையை மட்டுமே ஏற்கின்றன. மற்ற நோய்களுக்கு முறையாக அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் வைத்துத்தான் ஸ்டெம் செல் கொடுக்கலாம். ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. 1954ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம், பக்கவாதத்தையும் உடல் செயலிழப்பையும் மருந்தால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அப்படியிருந்தும் விளம்பரம் வருகிறது.

அடிபட்ட நரம்பு ஏன் தானாகச் சேர்வதில்லை? கையில் வெட்டுப்பட்ட நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். தண்டுவடத்துக்குள் அந்த வளர்ச்சி நடப்பதில்லை. முதல் அடியில் சில செல்கள் சாகின்றன. அடுத்து வரும் வீக்கமும் ரத்த ஓட்டக் குறைவும் இன்னும் பலவற்றைக் கொல்கின்றன. பிறகு அந்த இடத்தில் தழும்பு கட்டி, சில சமயம் நீர்ப்பையும் உருவாகி, நரம்பு இழைகளின் வழியை மறிக்கிறது. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். அதைச் செலுத்தினால் புது நரம்புச் செல் உண்டாகலாம், நரம்பின் மேலுறை மறுபடி படரலாம், மிச்சமிருக்கும் செல்களைக் காக்கும் பொருட்கள் சுரக்கலாம். ஆராய்ச்சியாளர்களின் எதிர்பார்ப்பு இவைதான். அது நியாயமான எதிர்பார்ப்பு.

இதைச் சோதிக்க ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் 2021 டிசம்பரில் தொடங்கி, தண்டுவடத்தில் அடிபட்ட நான்கு பேருக்கு, ஆளுக்கு 20 லட்சம் செல்கள் செலுத்தியது. 2025 மார்ச்சில் முடிவை அறிவித்தது. பெரிய பக்கவிளைவு இல்லை. இருவருக்கு முன்னேற்றம் தெரிந்தது, அவர்களில் ஒருவர் எழுந்து நின்று நடைப்பயிற்சி தொடங்கினார். எனக்கும் இது மகிழ்ச்சி தந்த செய்தி. ஆனால் அந்த நால்வருக்கும் அடிபட்டு 14 முதல் 28 நாட்களுக்குள் செல் செலுத்தப்பட்டது. அந்தக் காலத்தில் எந்த ஊசியும் இல்லாமலே சிலருக்கு உணர்வும் அசைவும் ஓரளவு திரும்பும். ஊசி போடாத இன்னொரு குழுவோடு ஒப்பிடாதவரை, முன்னேற்றம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2018இல் ஜப்பான் அரசு வேறொரு ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நிபந்தனையோடு அனுமதி தந்தபோது, உலகெங்கும் விஞ்ஞானிகள் எழுப்பிய ஆட்சேபமும் இதேதான்.

அடிபட்டு ஆண்டுகள் கடந்தவர்கள் நிலை இன்னும் கடினம். டெல்லியின் இந்திய முதுகுத்தண்டு காய மையம், ஐந்து பேரின், ஸ்டெம் செல்கள் உள்ள மூக்குத் திசுவை எடுத்து அவர்களது தண்டுவடத்திலேயே பதித்துப் பார்த்தது. அதனால் பலன் கிடைத்ததாகக் காட்ட முடியவில்லை என்று 2009இல் வெளிப்படையாக எழுதியது. அந்த நேர்மைக்குத் தலைவணங்க வேண்டும். போர்ச்சுகலில் இதே போன்ற அறுவை செய்துகொண்ட இளம்பெண்ணுக்கு எட்டு ஆண்டு கழித்து முதுகுவலி வந்தது. பதித்த இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது. “போட்டுத்தான் பார்ப்போமே, கெடுதல் என்ன” என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

யாராவது ஊசி போடலாம் என்றால், ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த அரசுப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஆனால் பதிவு எண் மட்டும் அனுமதி ஆகிவிடாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். பல லட்சம் ரூபாய்க்கு ‘பேக்கேஜ்’ பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பணத்துக்கும் நாட்களுக்கும் வேறு நல்ல பயன் இருக்கிறது. தண்டுவடம் பாதித்தவரின் உயிருக்கே ஆபத்தாகக்கூடியவற்றில் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் முக்கியமானவை. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, வீல்சேரில் இருப்பவர் அடிக்கடி உடலைத் தூக்கி அழுத்தம் குறைப்பது, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான டியூப் விட்டுச் சிறுநீர் எடுப்பது ஆகியவற்றைக் குடும்பமே கற்றுக்கொள்ளலாம். நடக்க முடியாவிட்டாலும் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை. 1954இல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பியபின், வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தார். 1966இல் அங்கே உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையமும் வந்தது. ஊசி எதுவும் அவரை நடக்க வைக்கவில்லை.

சென்னையில் கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகையும் வீல்சேரும் தரும் அரசுத் திட்டங்கள் உண்டு. திருமுல்லைவாயில்காரர்கள் திருவள்ளூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.