ஓடிய கால்களுக்கு உடற்பிடிப்பு

பினாங்கின் தண்ணீர்மலைப் பகுதியில் உள்ள தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலை உச்சிக்கு ஒரு தார்ச்சாலை செல்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஏற்றமோ 600 மீட்டருக்கும் மேல். சனிக்கிழமை காலையில் அதில் ஏறி, ஓட்டமும் நடையுமாக இறங்கி வரும் மாணவருக்கு அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை பள்ளிப் படிக்கட்டில் இறங்கும்போதுதான் தொடை வலியால் கைப்பிடியைத் தேடுவார்.

இவ்வலிக்கு மலை ஏறியதைவிட இறங்கியதே பெரிய காரணம். இறங்கும்போது தொடையின் முன்தசை, உடல் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. அதனால் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. உடல் அவற்றைச் சீர்செய்யத் தொடங்கும்போது வலியும் இறுக்கமும் தோன்றுகின்றன. 24 முதல் 72 மணி நேரத்திற்குள் இவை உச்சத்தை அடைகின்றன.

"காலில் லெக்டிக் அமிலம் தேங்கிவிட்டது; பிடித்துவிட்டால் வெளியேறிவிடும்" என்று திடல்களில் இன்றும் சொல்வார்கள். பள்ளி நாளில் நானும் அதை நம்பியவன்தான். உண்மையில், பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடல் தானாகவே அவ்வமிலத்தை அகற்றிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் உடற்பிடிப்பால் பயன் உண்டா? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 11 இளைஞர்களைக் களைத்துப்போகும் வரை மிதிவண்டிப் பயிற்சி செய்ய வைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் உடற்பிடிப்புச் செய்தனர். பின்பு இரு கால்களின் தசை மாதிரிகளையும் ஒப்பிட்டனர். லெக்டிக் அமில அளவில் வேறுபாடு இல்லை. ஆனால், பிடித்துவிட்ட காலில் அழற்சியின் அறிகுறிகள் குறைந்திருந்தன. 2020இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். உடற்பிடிப்பால் ஓட்ட வேகமோ வலிமையோ கூடவில்லை. பயிற்சிக்குப் பிந்திய வலி சற்றுக் குறைந்தது, உடல் வளையும் தன்மை சற்றுக் கூடியது. இது சிறிய பயன்தான். ஆயினும், மறுநாளும் பயிற்சிக்குச் செல்ல வேண்டிய விளையாட்டாளர் இதை வேண்டாமென்று சொல்லமாட்டார்.

விளையாட்டு உடற்பிடிப்பு பெரும்பாலும் நீவுதலில் தொடங்கும். உள்ளங்கையில் சிறிது எண்ணெய் தடவி, கணுக்காலிலிருந்து தொடையை நோக்கி, அதாவது இதயம் இருக்கும் திசையில், மெதுவாக நீவுவார்கள். தசை தளர்ந்ததும் மாவு பிசைவதுபோல் அதைத் தூக்கிப் பிசைவார்கள். இறுகிய இடம் தென்பட்டால் கட்டைவிரலால் சிறு வட்டமாகத் தேய்ப்பார்கள். கைவிளிம்பால் தட்டுவது பெரும்பாலும் போட்டிக்கு முன்பு, தசையைத் தூண்டுவதற்காக. போட்டிக்குப் பின்னரோ வேகமும் அழுத்தமும் குறைய வேண்டும். நம் சிலம்ப ஆசான்களும் எண்ணெயிட்டு நீவும் வழக்கம் உடையவர்களே. இக்கலை நமக்குப் புதிதன்று.

புதுக் காயத்தின்மேல் கை வைப்பதுதான் பெரும் பிழை. பந்தாட்டத்தில் கணுக்கால் பிசகி வீங்கியதும் "சுளுக்கெடுக்கிறேன்" என்று நண்பர் ஓடி வருவார். அவர் நல்ல மனத்தோடுதான் வருகிறார். ஆனால், அழுத்தித் தேய்த்தால் உள்ளே இரத்தக் கசிவும் வீக்கமும் கூடும். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் ஒற்றி, காலை உயர்த்தி வைக்கலாம். ஊன்றவே முடியாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம். மருத்துவரிடம் செல்ல வேண்டும். காய்ச்சல், திறந்த புண், தோல் தொற்று இருக்கும்போதும் உடற்பிடிப்பு ஆகாது. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கரும்பழுப்பாக வெளியேறினால் தைலம் தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிதைந்த தசையின் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கக்கூடும்.

பிறர் உடற்பிடிப்புச் செய்வதாயின், அவர் பயிற்சி பெற்றவரா என்பதை அறிந்து, பெற்றோருக்குத் தெரிவித்த பின்னரே இசையுங்கள். வலித்தாலோ, தொடுவது பிடிக்காவிட்டாலோ "போதும்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மலையிலிருந்து இறங்கிய அந்த மாணவருக்கு இவ்வளவெல்லாம் தேவையில்லை. நாற்காலியில் அமர்ந்து, முழங்காலிலிருந்து இடுப்பை நோக்கித் தம் தொடையைத் தாமே பத்து நிமிடம் நீவிக்கொள்ளலாம். மாலையில் பாடாங் கோத்தா கடற்கரையோரம் மெதுவாக நடந்துவிட்டும் வரலாம். புதன் அல்லது வியாழக்கிழமைக்குள் படிக்கட்டு அவருக்குப் பழையபடி எளிதாகிவிடும்.