அட்வான்ஸ் 10 மாதமா? சட்டத்தில் ஓர் ஓட்டை!

சென்னையில் வீடு தேடிப் போனால் முதல் பேச்சே, "அட்வான்ஸ் 10 மாசம் தருவீங்களா?" என்பதுதான்.

2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி 3 மாத வாடகைதான் உச்சவரம்பு. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவும் வேண்டும்.

ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் இந்த வரம்பு கிடையாதாம்! அதையும் அதே பிரிவே சொல்கிறது. வீட்டுக்காரர் 10 என்று எழுதி நீட்டுகிறார். வீடு கிடைத்தால் போதும் என்று குடித்தனக்காரர் கையெழுத்துப் போடுகிறார். காலி செய்யும்போது வெள்ளையடிக்க, பைப்புக்கு என்று கழிவு வேறு!

வாடகை பாக்கியோடு ராத்திரியில் கம்பி நீட்டுகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு 3 மாதப் பணம் போதாதா?

2021ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சட்டத்தில் குடியிருப்பு வீட்டுக்கு 2 மாதம்தான். ஒப்பந்தம் போட்டும் மீற முடியாது. இங்கேயும் அந்த விதிவிலக்கை நீக்க வேண்டும்.