பணம் கேட்கும் வேலை

சென்ற ஆண்டு ஒரு மாலை, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி கள்ளக்குறிச்சியில் உள்ள என் இல்லத்திற்கு வந்தாள். மரவள்ளிக் கிழங்கு விற்ற பணம் 26,000 ரூபாயை இழந்துவிட்டதாகச் சொல்லி அழுதாள். "படித்த பெண் இப்படிச் செய்யலாமா, அம்மா?" என்று கடிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். வீட்டிலிருந்தபடியே காணொளிகளுக்கு விருப்பக்குறி இட்டால் ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய் என்று கைபேசியில் ஒரு செய்தி வந்தது. மூன்று குறி இட்டாள். 150 ரூபாய் உண்மையாகவே கணக்கில் சேர்ந்தது. மறுநாள் 1,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அது 1,300 ஆகத் திரும்பியது. பின்னர் 6,000 கட்டினாள். திரையில் அது 9,000 ஆயிற்று, கைக்கு வரவில்லை. அதை விடுவிக்க 20,000 கேட்டார்கள். அதையும் கட்டினாள். முதலில் வந்த 150 ரூபாய் கூலி அன்று, நேயர்களே. தூண்டிலில் கோத்த புழு.

கருவி புதிது, சூது பழையது. பெருந்துறையின் சூசி ஈமு நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கொல்லையில் ஈமுக் குஞ்சுகளை வளர்க்க ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால், மாதம் 6,000 ரூபாயும் ஆண்டுக்கு 20,000 ஊக்கத்தொகையும் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். கணக்கிட்டால் ஆண்டுக்கு 92,000. அதாவது நூற்றுக்கு அறுபத்தொன்று! எந்த வேளாண்மை இதைத் தரும்? 2012 ஆகஸ்டில் நிறுவனம் முடங்கியது. தீனியின்றி வாடிய பறவைகளைக் கால்நடைத் துறையினர் காக்க நேர்ந்தது.

இன்று அச்சூது கடல் கடந்தும் வருகிறது. வெளிநாட்டிலிருந்து இயக்கப்பட்ட இத்தகைய பகுதிநேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை மத்திய உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரைப்படி மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது.

ஏமாறாதிருக்க மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, பணம் எந்தத் திசையில் செல்கிறது? கூலி முதலாளியிடமிருந்து தொழிலாளிக்கு வருவது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்வைப்பு, வரி என எப்பெயரில் கேட்டாலும், பணம் கேட்பது வேலை அன்று.

இரண்டாவது, என் உழைப்பால் யாருக்கு என்ன பயன்? நாள் முழுதும் களை பறிப்பவருக்கே சில நூறு ரூபாய்தான். விரலை மூன்று முறை அசைப்பதற்கு 150 ரூபாய் ஏன் தரவேண்டும்?

மூன்றாவது, தருபவர் யார்? நேரில் சென்று பார்க்கத்தக்க இடமும், பிறர் மூலம் விசாரித்தறியத்தக்க பெயரும் உண்டா?

உங்கள் வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்த வாடகைக்குக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். திருட்டுப் பணம் அவ்வழியே சென்றால் காவல்துறை முதலில் உங்கள் வாசலுக்கே வரும்.

இழந்துவிட்டால் என்ன செய்வது? உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கவேண்டும். பறிபோன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும். முழுதும் எடுக்கப்படுமுன் தெரிவித்தால் வங்கியில் நிறுத்திவைக்க இயலும். இங்கே ஒவ்வொரு மணி நேரமும் பொன்னானது.

என் மாணவியோ ஐந்து நாட்கள் எவரிடமும் வாய் திறக்கவில்லை. நாங்கள் புகார் செய்தபோது பணம் கைமாறிப் போயிருந்தது. "ஏனம்மா முன்பே சொல்லவில்லை?" என்றேன். "படித்தவள் இப்படிச் செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்களே, ஐயா" என்றாள். நானும் அதைத்தானே முதலில் கேட்டேன்! அவளது நாணமே திருடனுக்கு ஐந்து நாள் அவகாசம் அளித்தது.

உங்கள் வீட்டில் ஒருவர் அவ்வாறு கலங்கி வந்து நின்றால், கேள்வி கேட்குமுன் தொலைபேசியை எடுங்கள். கடிந்துகொள்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.