மின்சாரக் காரை ஓட்டுவதில் என்ன இன்பம்?

பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் கியரை மாற்றி மாற்றிப் போடுவார், எஞ்சின் முனகும். காரணம் என்ன? பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் ஓரளவு வேகமாகச் சுழன்றால்தான் நன்றாக இழுக்கும். மின் மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு பலத்துடன் இழுக்கும்.

நிசான் நிறுவனம் 2010 டிசம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு விட்ட ‘லீஃப்’ காரை எடுத்துக்கொள்வோம். அது பந்தயக் கார் அல்ல. சாதாரணக் குடும்பக் கார். ஆயினும் மிதியை அழுத்தியதும் தயங்காமல் கிளம்பும். கியர் மாற்றும் வேலையில்லை. எஞ்சின் இரைச்சலும் இல்லை. கனமான பேட்டரி இருக்கைகளுக்கு அடியில் தாழ்வாக இருப்பதால், வளைவுகளில் கார் அதிகம் சாயாது. மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தரும். இரவில் வீட்டிலேயே மின்னேற்றலாம். எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவும் கிடையாது.

குறையும் உண்டு. முதல் லீஃப், அமெரிக்க அரசின் கணக்குப்படி, ஒருமுறை மின்னேற்றினால் சுமார் 117 கிலோமீட்டர்தான் ஓடும். வெயில் கடுமையான அரிசோனா மாநிலத்தில் பலரது பேட்டரி விரைவிலேயே வலுவிழந்தது. நம் நாடும் வெப்ப நாடுதானே! ஆகவே, பழைய மின்சாரக் கார் மலிவாகக் கிடைத்தால், ஓட்டும் இன்பத்தில் மயங்கிவிடாதீர்கள். பேட்டரியின் வலுவைக் காட்ட லீஃப் காரில் 12 கோடுகள் உண்டு. அவற்றில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.