வயதான காவல் நாய் சாப்பிட மறுக்கிறதா? என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

தென்னையில் வெள்ளை ஈ பற்றிக் கேட்பதற்காக அழைக்கும் விவசாயிகள், பேசி முடித்து வைக்கப் போகும் நேரத்தில், “சார், இன்னொரு விஷயம்…” என்று இழுப்பார்கள். அந்த இன்னொரு விஷயம் பல நேரம் தோட்டத்து நாயாக இருக்கும். “பத்து வருஷமா இருக்குதுங்க. மூணு நாளா தட்டை மோந்து பாக்குது, திரும்பிப் படுத்துக்குது. சோறு மாத்திப் போட்டா தின்னுமா?”

நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவர் அல்ல. இருந்தாலும் விரிவாக்கப் பணியில் உடன் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், எங்கள் வீட்டு நாயின் கடைசி இரண்டு வருடங்களில் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன்.

கறவை மாடு ஒரு வேளை அசை போடவில்லை என்றால் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். நாய் மூன்று நாள் சாப்பிடாவிட்டாலும், “நாய்தானே, புல்லைத் தின்னு தானா சரி பண்ணிக்கும்” என்று விட்டுவிடுகிறோம். இளம் நாய் ஒரு வேளை உணவைத் தவிர்ப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் ஏழெட்டு வயதைத் தாண்டிய ராஜபாளையம் போன்ற பெரிய உடல்வாகு நாய்களும், பத்து வயதைத் தாண்டிய மற்ற நாய்களும் ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால், அது சோற்றின் குறை அல்ல, உள்ளே இருக்கும் நோயின் அறிகுறி. தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தி எடுக்கிறது, மூச்சு வாங்குகிறது, எழுந்து நிற்க முடியவில்லை என்றால் அந்த ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பசி இல்லையா, சாப்பிட முடியவில்லையா?

மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பதிலை வீட்டில் இருப்பவர்தான் சொல்ல முடியும். தட்டை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஆசையாக ஓடி வந்து, வாயில் எடுத்து, கீழே போட்டுவிடுகிறதா? தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுகிறதா? அப்படியானால் பசி இருக்கிறது, வாயில்தான் கோளாறு. வயதான நாய்களில் பல்லில் காறை படிந்து, ஈறு சீழ் பிடித்து, கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம்.

தட்டின் அருகே வந்து முகர்ந்து, உதட்டை நக்கிக்கொண்டு, எச்சில் விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? அது குமட்டல். சிறுநீரகம், கல்லீரல், கணையம், குடல் என எதில் கோளாறு இருந்தாலும் இப்படி வரும். குமட்டல் இருக்கும்போது எத்தனை வகை உணவை மாற்றி வைத்தாலும் பயன் இல்லை. அது மட்டுமல்ல, குமட்டலோடு எந்த உணவை முகர்ந்ததோ, அந்த உணவையே பிறகு வெறுக்கத் தொடங்கிவிடும். முதலில் குமட்டலை நிறுத்த மருந்து தேவை.

வாயில் கையை விடுவதற்கு முன்

சாப்பிடாமல் வாயைத் திறந்தபடி, கீழ்த்தாடை தொங்க, எச்சில் ஒழுக நிற்கும் நாயைப் பார்த்ததும் நமக்குத் தோன்றுவது, “தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு” என்பதுதான். உடனே வாயைப் பிளந்து கையை விடுவோம். தயவுசெய்து விடாதீர்கள். வெறிநோயின் ஒரு வகை இப்படித்தான் இருக்கும். எல்லா வெறிநாயும் துரத்திக் கடிப்பதில்லை. சில நாய்கள் தாடையும் தொண்டையும் செயலிழந்து, குரல் மாறி, ஒரு மூலையில் அமைதியாகப் படுத்துவிடும்.

தோட்டத்து நாய்க்கு வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால், அல்லது சமீபத்தில் வேறு நாயோ நரியோ கடித்திருந்தால், அதைக் கட்டியோ அடைத்தோ வைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே கையை விட்டுவிட்டீர்கள், எச்சில் கீறலில் பட்டுவிட்டது என்றால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நோய் வந்த பிறகு மருந்து கிடையாது.

நோய் எதுவாக இருக்கலாம்?

நம் ஊர் நிலையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நிற நாய் உண்ணி கடிப்பதால் பரவும் இந்த நோயில் நாய் சோர்ந்து, காய்ச்சலோடு, உணவை வெறுக்கும். சில நாய்களுக்கு மூக்கில் இரத்தம் வரும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். காது மடலின் உட்புறம், கால்விரல் இடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார்கள். நாலாம் நாளே நாய் தின்ன ஆரம்பித்துவிடும், நாமும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். பல நாய்களில் நோய் உள்ளேயே தங்கிப் பின்னாளில் மோசமாகத் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த உண்ணி சுவர் வெடிப்பிலும் கூண்டின் இடுக்கிலும் முட்டையிடும் என்பதால் நாய் படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். அதற்காகப் பயிருக்கு வைத்திருக்கும் பூச்சிக்கொல்லியைக் கலக்கி நாயின் மேல் ஊற்றுவது, உண்ணியோடு நாயையும் கொல்லும் வேலை.

அடுத்தது சிறுநீரகம். சில மாதங்களாகவே அதிகம் தண்ணீர் குடித்து அதிகம் சிறுநீர் கழித்திருக்கும், மெலிந்திருக்கும், வாயில் ஒருவித நாற்றம் வீசும். வீட்டில் இதைக் கவனிப்பவர்கள் குறைவு. தோட்டத்து நாய் வாய்க்காலிலும் தொட்டியிலும் குடிப்பதை யார் அளந்து பார்க்கிறோம்? எலி நடமாட்டம் உள்ள இடங்களில் எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். கண்ணின் வெள்ளையும் ஈறும் மஞ்சளாக இருந்தால், அந்த நாயின் சிறுநீரை வெறுங்கையால் தொடாதீர்கள். அது மனிதருக்கும் பரவும்.

கருத்தடை செய்யாத பெண் நாயா? கடைசியாகப் பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதங்களுக்குள் சாப்பாட்டை விட்டு, நிறையத் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். வெளியே சீழ் வடிந்தாலும் வடியாவிட்டாலும் இது அவசரம், பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். நாள் கடத்தினால் நாய் பிழைக்காது.

இவை தவிர புற்றுக்கட்டி, இதய நோய், மூட்டு வலி என்று வயதுக்குரிய காரணங்கள் உண்டு. தோட்டம் என்பதால் விஷத்தையும் மறக்கக் கூடாது. எலிக்கு வைத்த மருந்து, தெளித்துவிட்டுப் போட்ட டப்பா, பாம்புக்கடி எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள், மருந்து உறையையும் கையோடு கொண்டு போங்கள்.

மருத்துவர் கிடைக்கும் வரை

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண வெப்பமானியை ஆசனவாயில் மெதுவாக வைத்துப் பாருங்கள். நாய்க்கு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் உடம்பைவிடச் சற்றுச் சூடாகத்தான் இருக்கும் என்பதால் கையால் தொட்டுக் காய்ச்சல் சொல்ல முடியாது. பழகிய, தடுப்பூசி போட்ட நாயாக இருந்தால் உதட்டை லேசாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈரமாக இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. தோலை இழுத்துவிட்டுப் பார்க்கும் முறையை வயதான நாயில் நம்ப வேண்டாம், அதன் தோல் எப்படியும் தொளதொளவென்றுதான் இருக்கும்.

தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைத்தால் ஒரே மூச்சில் குடித்து வாந்தி எடுக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக வையுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்த தவறு ஒன்று. பன்னிரண்டு வயது நாய் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று, மாட்டுக்கு மருந்து ஊற்றிப் பழகிய கையால், அப்பா தலையை நிமிர்த்திப் பிடித்துப் பாலை வாயில் ஊற்றினார். பக்கத்தில் நின்று டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். பால் மூச்சுக்குழாயில் போய், அடுத்த பத்து நாள் நுரையீரல் அழற்சிக்கு ஊசி போட்டோம். முதலில் வந்திருந்தது வெறும் பல்வலி. நாய்க்கு எதையும் தலையை நிமிர்த்தி ஊற்றக் கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சால் கொடுக்கச் சொன்னால், மருத்துவரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்: தலை இயல்பான நிலையில் இருக்க, கன்னத்தின் ஓரத்தில், ஒவ்வொரு முறையும் விழுங்கியதைப் பார்த்துவிட்டுச் சிறிதளவு. மயக்கமாக இருக்கும் நாய்க்கு அதுவும் கூடாது.

வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளில் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே நோயில் இருக்கும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் அது கடைசி அடியாகலாம்.

எதை, எப்படிக் கொடுப்பது?

குமட்டலும் வலியும் அடங்கிய பிறகுதான் உணவின் பேச்சு. வயதான நாய்க்கு மோப்பம் மங்கியிருக்கும், மோப்பம் இல்லாவிட்டால் பசி இல்லை. அதனால் உணவை நம் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும் அளவு சூடாக்கினாலே பாதி வேலை முடிந்தது. குழைய வடித்த சோற்றில், எலும்பு நீக்கி உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் அந்தத் தண்ணீரும் சேர்த்துப் பிசையுங்கள். வேகவைத்த முட்டை, சிறிது ஈரல் வாசனைக்கு நல்லது. நாம் சாப்பிடும் குழம்பு வேண்டாம், அதில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும். திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. பால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். கருவாட்டு வாசனைக்கு எழுந்து வராத நாய் இல்லை என்பது உண்மைதான், ஆனால் சிறுநீரகமோ இதயமோ கெட்ட நாய்க்கு அந்த உப்பு ஆகாது.

இருபது கிலோ எடையுள்ள நாய் படுத்தே கிடந்தாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 670 கிலோ கலோரி தேவை. அதாவது சுமார் 300 கிராம் சோறு, 150 கிராம் கோழிக்கறி, ஒரு முட்டை. பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாளே இத்தனையும் கொடுத்துவிடாதீர்கள். முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, அதையும் நாலைந்து தடவையாகப் பிரித்து, மூன்று நாளில் முழு அளவுக்கு வரலாம். கழுத்து வலி, மூட்டு வலி உள்ள நாய்க்குத் தட்டை ஒரு பலகையின் மேல் உயர்த்தி வையுங்கள். கையில் எடுத்து நீட்டினால் சில நாய்கள் சாப்பிடும். பழகியவர் உட்கார்ந்து தடவிக் கொடுத்தால் அதற்காகவே இரண்டு வாய் தின்னும். பத்து நிமிடத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், ஈ மொய்க்க விடாதீர்கள். மாத்திரையை அதற்கு மிகப் பிடித்த உணவில் ஒளிக்க வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் அந்த உணவும் கைவிட்டுப் போகும்.

சிறுநீரக நோய்க்குத் தனி உணவு முறை உண்டு. ஆனால் எதையுமே தொடாத நாய்க்கு முதலில் ஏதாவது உள்ளே போவதுதான் முக்கியம். பத்தியத்தை மருத்துவர் சொல்லும்போது தொடங்கலாம். பசியைத் தூண்டும் மருந்துகளும் இருக்கின்றன, காரணம் தெரிந்த பிறகு அவர் தருவார்.

எங்கே போவது?

அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் தொடங்குங்கள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் உள்ளன. போகும்போது தடுப்பூசி அட்டையும், நாய் தட்டருகே எப்படி நடந்துகொள்கிறது என்று கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவும் இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. மருத்துவமனைக்கு வந்ததும் பயத்தில் எல்லா நாயும் ஒரே மாதிரிதான் நிற்கும்.

சிகிச்சை எல்லாம் செய்தும் நாய் உணவைத் தொடாமல், எழ முடியாமல், படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்து, வலியில் முனகிக்கொண்டே இருக்கும் நிலை சிலவற்றுக்கு வரும். அப்போது இனி குணமாகுமா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். குணமாகாது என்றால், முதலில் மயக்க மருந்து கொடுத்து, வலி தெரியாமல் உயிர் அடங்கச் செய்யும் முறை இருக்கிறது. அதைக் கேட்பது பாவம் என்று நினைத்துப் பட்டினியில் சாக விடுகிறவர்கள் நம்மில் அதிகம். தோட்டத்தில் கட்டிப்போட்டுவிட்டுப் பார்க்காமல் இருப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து. பழகிய ஒருவர் கடைசி வரை பக்கத்தில் இருந்தால் நாய் பதற்றப்படாது. புதைக்கும்போது கிணறு, வாய்க்காலில் இருந்து தள்ளி, ஆழமாகக் குழி எடுங்கள். கொடுத்த மருந்து உடலில் தங்கியிருக்கும் என்பதால் மற்ற நாய்களோ நரிகளோ தோண்டாதபடி மேலே கல் அடுக்கி மூட வேண்டும்.