கடைசி இலைக்கும் சாம்பார் வர: வீட்டு வைஃபை எப்படி இயங்குகிறது?

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவதுதான் பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. அதில் பெரம்பலூர் மாவட்டத்துக்கு 121, அரியலூருக்கு 201. திட்டம் எட்டாத தெருவிலும் கேபிள்காரர் கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு ஒயர் இழுத்து வீட்டில் மோடம் மாட்டிவிடுகிறார். ஆனால் 100 எம்பிபிஎஸ் பிளான் போட்ட வீட்டிலும் மாடிக்குப் போனால் வீடியோ கால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. உடனே 200க்கு மாற்றுகிறோம். காசு கூடுகிறது, சுற்றுவது நிற்பதில்லை. காரணம் தெரிய, கல்யாணப் பந்திக்குப் போய் உட்காருவோம்.

முதலில் சமையல் கொட்டகை. நீங்கள் கட்டும் பிளான் என்பது அங்கே உங்களுக்கென்று வைத்திருக்கும் சாம்பார் அண்டா. அண்டா பெரிதானால் மட்டும் இலைக்குச் சாம்பார் வந்துவிடாது. தூக்கி வந்து ஊற்ற ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் மோடம். ஃபைபரில் வரும் ஒளியை மின்சாரமாக்கி, பிறகு ரேடியோ அலையாக வீட்டுக்குள் பரிமாறுகிறது. ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஓர் இலைக்குத்தான் ஊற்றும். போன், டிவி, லேப்டாப், வாசல் கேமரா என்று மின்னல் வேகத்தில் மாறி மாறி ஊற்றுவதால் எல்லோருக்கும் சேர்ந்தே கிடைப்பதுபோல் இருக்கிறது.

சிக்கல் இங்கேதான். மாடியில் இருக்கும் போனுக்கு சிக்னல் மங்கலாகப் போகிறது. அதனால் மோடம், தகவல் பிசகாமல் சேர வேகத்தைக் குறைத்து மெதுவாக அனுப்புகிறது. தூரத்து இலைக்குச் சொட்டுச் சொட்டாக ஊற்றி முடிக்கும்வரை பக்கத்து இலைகள் காத்திருக்கின்றன. மாடியில் ஒரு பழைய போன், ஹாலில் இருக்கும் டிவியையே தடுமாற வைப்பது இப்படித்தான்.

சுவரும் ஒரு காரணம். 1979 முதல் அரசின் டான்செம் ஆலை ஓடும் அரியலூரில் கான்கிரீட்டுக்குப் பஞ்சமா? கம்பி கட்டிய தளத்தைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை களைத்துவிடும். 2.4 கொஞ்சம் தாண்டும். ஆனால் அங்கே பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் முட்டி மோதுகின்றன.

ஆகவே முதல் வேலைக்குச் செலவு குறைவு: டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மோடத்தை வீட்டு நடுவில், உயரமாக மாட்டச் சொல்லுங்கள். ஃபைபர் ஒயரை மட்டும் மூலையில் மடித்து ஆணி அடிக்க விடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

அதன்பின் மாடி. பலர் ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். அது பந்தி நடுவில் நின்று, முதல் ஆளின் வாளியிலிருந்து தன் வாளிக்கு வாங்கி ஊற்றும் ஆள். வாங்கும்போது ஊற்ற முடியாது, ஊற்றும்போது வாங்க முடியாது. சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். என் கட்சி ஒயர் கட்சி. கொட்டகையிலிருந்து இரண்டாவது ஆளுக்குத் தனி வழி விட்டால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். கேட் 6 ஒயரை மாடிக்கு இழுத்து, அங்கே இன்னொரு ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் வையுங்கள். அந்த மோடில் போடாவிட்டால் இலைக்கு நம்பர் போடும் வேலையை இரண்டு பேரும் செய்வார்கள். பிரின்டர் ஒருவர் கணக்கிலும் போன் இன்னொருவர் கணக்கிலும் போய், ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும்.

ஒயரிலும் ஒரு கண் வேண்டும். உள்ளே எட்டு கம்பி. எட்டும் சேர்ந்தால்தான் 1,000 எம்பிபிஎஸ். அவசரத்தில் நான்கை மட்டும் கிரிம்ப் செய்தால் 100ஓடு நின்றுவிடும். பழைய ரூட்டரின் போர்ட்டும் பல சமயம் 100தான். அண்டா எவ்வளவு பெரிதானாலும் கொட்டகை வாசல் அவ்வளவே. 200 பிளானுக்கு மாறுமுன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கடைசியாக, கரன்ட் கட். கம்பத்தில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. கேபிள் ஆபீசில் பேட்டரி இருந்தால், உங்கள் மோடத்துக்கு மட்டும் ஒரு மினி யுபிஎஸ் போதும். வாங்குமுன் மோடம் அடாப்டரைத் திருப்பி எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். ஆக்சஸ் பாயின்ட்டுக்குச் சில சமயம் 9 வோல்ட் வரும். அதற்குத் தனி யுபிஎஸ் வேண்டும்.